கதவோரத்து ஸ்டிக்கரில் ஒரு தவறான எண்

அமெரிக்காவில் விற்பனையாகும் எந்தக் காரிலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவோரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயரின் அளவு என்ன, முன்சக்கரத்துக்கு எவ்வளவு காற்று, பின்சக்கரத்துக்கு எவ்வளவு, எத்தனை பேர் உட்காரலாம், ஆளும் சாமானுமாகச் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். அதில் ஓர் எண் தவறாக அச்சாகிவிட்டால் என்ன செய்வது? பவுண்டுக் கணக்கு சரியாக இருந்து கிலோக் கணக்கு மட்டும் பிசகியிருந்தால்? ஸ்பேர் டயரின் அளவு விட்டுப்போயிருந்தால்?

சட்டத்தின் கண்ணில் இதுவும் பாதுகாப்பு விதிமீறல்தான். பிரேக்கில் கோளாறு என்றால் என்ன நடைமுறையோ, அதேதான் இதற்கும். உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் கடிதம் போட வேண்டும். வண்டியை வரவழைத்து இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இதிலிருந்து விடுபட நிறுவனங்களுக்கு ஒரு வழி மட்டும் உண்டு. பிழை நடந்தது உண்மை, ஆனால் அதனால் பாதுகாப்புக்குப் பாதகமில்லை என்று அரசிடம் மனுப் போடலாம்.

இந்த வழி எப்போது பிறந்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் நியாயம் புரியும். 1965-இல், கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் கார் நிறுவனங்களை உலுக்கியது. மறு ஆண்டு செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. வண்டியில் குறை இருப்பதை நிறுவனம் சொல்லியாக வேண்டும். தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. கடிதம் வந்த பிறகு செலவு யார் தலையில் என்பது நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது. 1974-இல் வந்த திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. பழுதைச் சரிசெய்வது இலவசம் என்றானது. அதே திருத்தத்தில்தான் விலக்குக் கதவும் திறந்தது. பெரிய சுமையைக் கட்டாயமாக்கும்போது, அற்பப் பிழைக்கும் அதே சுமையா என்ற கேள்வி எழத்தானே செய்யும். அந்த அளவில் அது நியாயமான ஏற்பாடு என்றே சொல்வேன்.

அன்று அந்த ஸ்டிக்கர் இருந்த இடமே வேறு. 1968-இல் நடைமுறைக்கு வந்த டயர் விதிப்படி, டேஷ்போர்டில் சாமான் வைக்கும் சின்னப் பெட்டியின் மூடியில் ஒட்டினாலே போதும். அதுவும் பயணிகள் காருக்கு மட்டும். மனு வாஷிங்டனுக்குத் தபாலில் போகும். அரசிதழில் பொடி எழுத்தில் அறிவிப்பு வரும். கருத்துச் சொல்ல விரும்புகிறவரும் கடிதம்தான் எழுத வேண்டும். கோப்பைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஊருக்கே போயாக வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரர் இந்தப் பேச்சில் எங்குமே இல்லை.

2000-ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே பட்டை பட்டையாகக் கழன்றன, வண்டிகள் உருண்டன. 270-க்கும் மேற்பட்ட மரணங்களை அரசு இந்த டயர்களோடு தொடர்புபடுத்தியது. ஃபயர்ஸ்டோன் அந்த ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற அறிவித்தது. அப்போது எழுந்த பெரிய சண்டைகளில் ஒன்று, ஓர் எண்ணைப் பற்றியது. எக்ஸ்ப்ளோரருக்குச் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு காற்று போதும் என்றது ஃபோர்டு. 30 இருக்க வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு அதிகமாக வளையும், வளைய வளையச் சூடேறும், சூட்டில் உள் அடுக்குகளின் பிடிப்பு தளரும். டயரிலேயே குறை இருந்தது என்பதும், வண்டி எளிதில் உருளக்கூடியதா என்பதும் தனி விவாதங்கள். ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் நான்கு பவுண்டு வித்தியாசத்தை நாடாளுமன்றமே உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு நவம்பரிலேயே புதிய சட்டம் வந்தது. அதையொட்டி ஸ்டிக்கர் கதவோரத்துக்கு வந்தது. எஸ்யூவி, சிறு டிரக்குகளுக்கும் கட்டாயமானது. டயரில் காற்று இறங்கினால் எச்சரிக்கும் விளக்கும் வந்தது. பரிந்துரைத்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால் அது எரிய வேண்டும்; அந்தப் பரிந்துரை இருக்கும் இடம் இதே ஸ்டிக்கர்தான்.

இன்று மனுக்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. பிழை என்று தீர்மானித்த ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்; 30 நாட்களுக்குள் மனு. டயரின் பக்கவாட்டில் அடுக்குகளின் எண்ணிக்கை தப்பாகப் பதிந்திருந்தால் பெரும்பாலும் விலக்கு கிடைத்துவிடும். தாங்கும் எடையும் காற்றழுத்தமும் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் மனுக்களைத் தீர்மானிக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பார்க்கிறது. சில வண்டிகள்தானே என்ற வாதத்தை அது ஏற்பதில்லை. 2001-இல் மெர்சிடிஸ் பென்ஸ் அப்படி வாதாடி, மனு தள்ளுபடியானது. எத்தனை பேருக்குப் பாதிப்பு என்பதல்ல, பாதிப்பில் மாட்டிக்கொள்கிற அந்த ஒருவருக்கு என்ன ஆகும் என்பதே அளவுகோல். இத்தனை ஆண்டுகளில் இந்தத் துறை சம்பாதித்த மிக உயர்ந்த சிந்தனை இதுதான் என்று நினைக்கிறேன்.

2024 தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். டெஸ்லா கார்களின் திரையில் பிரேக் எச்சரிக்கை எழுத்துகள் விதித்த உயரத்தைவிடச் சிறியவை என்று அரசின் வழக்கமான சோதனையில் தெரியவந்தது. விதி கேட்பது 3.2 மில்லிமீட்டர். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 22 லட்சம் வண்டிகள். பழைய காலமாக இருந்தால் எந்த நிறுவனமும் விலக்குக் கேட்டுத்தான் ஓடியிருக்கும். இங்கே நிறுவனம் இணையம் வழியாகவே மென்பொருளை அனுப்பி எழுத்தைப் பெரிதாக்கியது. ஒருவரும் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

சரிசெய்யும் செலவு பிழையைவிடப் பெரியது என்பதுதான் விலக்குக்கு அடிப்படை. திரையில் இருக்கும் எழுத்துக்கு அந்த அடிப்படை இன்று இல்லை. கதவோரத்து ஸ்டிக்கருக்கு இன்னும் இருக்கிறது. ஒரு சின்னப் பிழைக்காக லட்சம் பேரைப் பட்டறைக்கு அலைக்கழிப்பது அநியாயம்.

ஆனால் சட்டம் இரண்டு விஷயங்களை ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கிறது. விலக்கு கிடைத்தால் நிறுவனம் சரிசெய்யவும் வேண்டாம், உரிமையாளருக்குச் சொல்லவும் வேண்டாம். 1974-இல் சொல்வதற்கும் செலவு இருந்தது: விலாசம் தேட வேண்டும், அச்சிட வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும். இன்று ஒரு மின்னஞ்சல் போதும். இன்னும் விற்காமல் விநியோகஸ்தர் கையில் இருக்கும் வண்டிக்கு இந்த விலக்கு செல்லாது; பிழையைத் திருத்தாமல் அதை விற்க முடியாது. ஒரு நாள் முன்னால் வாங்கியவருக்கோ, அவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கப்போகிறவருக்கோ, அதில் பிழை இருப்பதே தெரியப்போவதில்லை. சரிசெய்வதற்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு, சொல்லும் கடமையை அப்படியே வைத்தால் என்ன? கதவோரத்தில் இந்த வரியில் கிலோ எண் தவறு, பவுண்டு எண்ணைப் பாருங்கள், சரியான எண் இது, விரும்பினால் புதிய ஸ்டிக்கர் தபாலில் அனுப்புகிறோம் என்று நான்கு வரி எழுதினால் போதும்.