தாலியும் பாரமும்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். அந்தப் பயிருக்கு வேலியாக நிற்பது பதிவுச் சான்றிதழ். ஆலயத்தில் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வருகிறவர்கள் முகூர்த்தம், மேளம், சாப்பாடு எல்லாவற்றையும் கேட்கிறார்கள். "பதிவுக்கு என்ன செய்வது?" என்று கேட்பவர் சிலரே. நான் ஆசிரியராக இருந்தவன். அந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பங்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும்போது படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

தேசியப் பதிவு இலாகாவில் ஒரு பாரம் தனித்து நிற்பதில்லை. பெற்றோரின் திருமணச் சான்றிதழைப் பார்த்துத்தான் பிள்ளையின் பிறப்பைப் பதிகிறார்கள். பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துத்தான் 12 வயதில் அடையாளக் கார்டு கொடுக்கிறார்கள். அதை வைத்துத்தான் பிறகு கடப்பிதழ், வேலை, சேமநிதி எல்லாம். முதல் பாரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால், அந்தக் காலியிடம் அடுத்தடுத்த பாரங்களுக்கும் போகும். முகப்பில் இருக்கும் அலுவலர் எவ்வளவு இரக்கமுள்ளவரானாலும், ஏட்டில் இல்லாததைச் சான்றிதழில் எழுத முடியாது.

முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. அது 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானவையாகவே கருதுகிறது. அதற்குப் பின் நடப்பவை சட்டம் சொல்லும் முறையில் பதிவாளர் முன்னிலையில் நடக்க வேண்டும். ஆலயக் குருக்கள் போன்றோரைத் துணைப் பதிவாளராக நியமிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. அப்படி ஒருவர் இருக்கும் ஆலயத்தில் தாலி கட்டும் இடத்திலேயே பதிவும் முடிந்துவிடும். இல்லாத ஆலயத்தில் தாலி கட்டினால் இலாகாவுக்குத் தனியே போயாக வேண்டும்.

போகாவிட்டால் என்ன? பிள்ளை மணவுறவுக்கு வெளியே பிறந்ததாகவே பதிவாகும். தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் தந்தையின் பெயர் பத்திரத்தில் இடம்பெறும். தாய் மலேசியக் குடியுரிமை பெற்றவரானால், இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமைச் சிக்கல் இல்லை. தாய் வெளிநாட்டவரானால்தான் பேராபத்து. தந்தை மலேசியரே என்றாலும், குடியுரிமை விஷயத்தில் அப்பிள்ளை தாயையே சாரும். பிறகு ஓடிப்போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் பயனில்லை. பிள்ளை பிறந்த நாளில் பெற்றோரின் நிலை என்ன என்பதே கணக்கு. அதன்பின் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று பெயர். நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத ஒரே முறை இல்லை. தாத்தாவின் கார்டில் 'லெட்சுமணன்', அப்பாவின் பத்திரத்தில் 'லட்சுமணன்' என்று இருந்தால் நமக்கு ஒரே ஆள். ஏட்டைப் பார்ப்பவருக்கு இரண்டு பேர். 'ழ'கரம் வரும் பெயர்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

ஆகவே குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை:

1. மணமக்கள் இருவரும் முன்கூட்டியே பதிவாளரிடம் அறிவிப்புப் பாரம் கொடுக்க வேண்டும். அறிவிப்பு 21 நாள் பார்வைக்கு வைக்கப்படும். ஆகவே அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே இதைத் தொடங்குங்கள்.

2. தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் ஜே.பி.என். எல்.எம்.01 பாரத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். தாமதமானால் கட்டணமும் கூடுதல் ஆதாரங்களும் கேட்பார்கள்.

3. பெயரின் எழுத்துகளைப் பெற்றோரின் அடையாளக் கார்டைப் பார்த்து எழுதுங்கள். வாயால் சொல்லி எழுதச் சொல்லாதீர்கள்.

4. பத்திரம் கைக்கு வந்ததும் முகப்பை விட்டு நகருமுன் வரிக்கு வரி படியுங்கள். பிழையை அன்றே சொல்வது எளிது. ஆண்டுகள் கழிந்தால் சத்தியப் பிரமாணமும் பழைய ஆவணங்களும் தேட வேண்டிவரும்.

5. மூலப் பத்திரங்களை ஒரே உறையில் வைத்துப் பாதுகாத்து, நகல்களை மட்டும் வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

பாரம் நிரப்பத் தெரியாதவர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பாட்டிமாரும் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களும் கூச்சத்தால் கேட்பதில்லை. படித்த பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பாரங்களோடு அடுத்த வீட்டாருடையதையும் ஒருமுறை பார்த்துக் கொடுத்தால், அது பெரிய அறப்பணியாகும்.