முட்டை திருடும் 4 அடி பல்லி! அமெரிக்க வெங்காய பூமியில் குடியேறியது எப்படி?

அமெரிக்காவில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் டூம்ஸ் மாவட்டம் இனிப்பு வெங்காயத்துக்கு பெயர் போன இடம். கடித்தால் காரமே தெரியாத விடாலியா வெங்காயம் இந்த மண்ணில்தான் விளைகிறது.

இந்த வெங்காய பூமியிலும், பக்கத்து மாவட்டமான டாட்னாலிலும் 2018-ம் ஆண்டு முதல் ஒரு புது ஆசாமியால் வனவிலங்கு துறைக்கு தூக்கம் போச்சு.

4 அடி நீளம். 4½ கிலோ எடை. உடம்பு முழுக்க கருப்பு, வெள்ளை புள்ளியும் பட்டையும். வாயை திறந்தால் பாம்பு போல பிளந்த நாக்கு. கோழிப்பண்ணை, காடு, தோட்டம் என்று எங்கே முட்டை இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

இதன் பெயர் டெகு. பார்க்க நம்ம ஊர் உடும்பு போல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு குடும்பம்.

சொந்த ஊர் எது?

டெகுவின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே நாடுகளில் காலம் காலமாக வாழ்கிறது. அங்கிருந்து ஜார்ஜியா பல ஆயிரம் கிலோ மீட்டர் தூரம்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் மட்டும்தான் டெகு காட்டில் குட்டி குடும்பத்தோடு பெருகி வாழ்வதாக அதுவரை தெரிந்திருந்தது. புளோரிடாவை தாண்டி வடக்கே ஜார்ஜியாவிலும் அது கால் ஊன்றிவிட்டது என்றதும் அதிகாரிகள் ஆடிப்போனார்கள்.

எங்கேயோ ஒரு டெகு சிக்கினால், யார் வீட்டிலோ தப்பித்து வந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் இங்கே ஒன்றல்ல, இரண்டல்ல. அடுத்தடுத்து ஒரே பகுதியில் கண்ணில் பட்டன. கூண்டிலும் சிக்கின. இது வழி தவறி வந்த கூட்டம் அல்ல, குடியேறிய கூட்டம் என்று ஆய்வாளர்கள் 2020-ம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார்கள்.

பறந்து வந்ததா, நடந்து வந்ததா?

இரண்டும் இல்லை. ஆசையாக வாங்கி வந்தவர்கள் அமெரிக்கர்கள்தான்!

டெகு சாதுவாக பழகும். சாப்பாடு கொடுப்பவரிடம் ஒட்டிக்கொள்ளும். அதனால் நாய், பூனை வளர்ப்பது போல டெகு வளர்க்கும் மோகம் அங்கே உண்டு. 2000 முதல் 2015 வரை மட்டும் 79 ஆயிரத்துக்கும் அதிகமான டெகுக்கள் உயிரோடு தென் அமெரிக்காவில் இருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதி ஆகி இருக்கின்றன.

வாங்கும்போது கைக்குள் அடங்கும் குட்டி. வளர்ந்தால் 4 அடி. ஆயுளோ 20 ஆண்டு வரை. தீனி போட்டு மாளாது. கடைசியில் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். சில டெகுக்கள் கூண்டை உடைத்து தானாகவே ஓடிவிடுகின்றன.

ஏன் இவ்வளவு பயம்?

டெகு மனிதனை தேடி வந்து கடிக்காது. மடக்கினால்தான் சீறும். பல்லும் நகமும் கூர்மை. தாடை பலம். ஆனால் பயம் அதனால் அல்ல. அதன் வயிற்றால்தான் பயம்.

பழம், காய், வெட்டுக்கிளி, செத்த பிராணி, நாய்க்கு வைத்த சாப்பாடு என்று எதையும் விடாது. எல்லாவற்றிலும் அதிக பிரியம் முட்டை மேல். தரையில் முட்டையிடும் காடை, காட்டு வான்கோழி எல்லாவற்றுக்கும் ஆபத்து. புளோரிடாவில் 2013-ம் ஆண்டு முதலை கூட்டில் புகுந்து முட்டையை டெகு தூக்கிச் சென்றது, மறைத்து வைத்த கேமராவில் பதிவானது. முதலை முட்டையையே விடாத பிராணி, காடை முட்டையை விடுமா?

ஜார்ஜியாவுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. அந்த மாநிலத்தின் அடையாளமாக அறிவிக்கப்பட்ட ஊர்வன பிராணி கோபர் ஆமை. மண்ணில் ஆழமாக வளை தோண்டி வாழும் தரை ஆமை இது. இந்த வளையில் பாம்பு, தவளை, பூச்சி என்று 350-க்கும் மேற்பட்ட வகை உயிரினங்கள் ஒண்டிக்கொள்கின்றன. ஏற்கனவே இந்த ஆமைகளின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. இப்போது டெகு ஆமையின் வளைக்குள்ளேயே புகுந்து கொள்கிறது. முட்டையையும் தின்கிறது, குட்டி ஆமையையும் தின்கிறது. இடம் கொடுத்தவன் வீட்டிலேயே திருட்டு!

போதாக்குறைக்கு இதன் இனப்பெருக்கமும் வேகம். ஒரு பெண் டெகு ஆண்டுக்கு சராசரியாக 35 முட்டை போடும். டெகு மூலம் புது ஒட்டுண்ணிகள் மற்ற பிராணிகளுக்கு பரவலாம், விளைச்சலில் நோய்க்கிருமி கலக்கலாம் என்ற அச்சமும் இருக்கிறது.

குளிர் கொல்லாதா?

புளோரிடாவில் குளிர் அதிகமானால் பச்சை இகுவானா ஓணான்கள் விறைத்துப்போய் மரத்தில் இருந்து பொத் பொத்தென்று விழும். டெகுவுக்கும் அதே கதிதான் ஆகும், வடக்கே போகாது என்று பலர் நினைத்தார்கள். ஆனா நடந்தது வேறு.

குளிர்காலம் வந்தால் டெகு வளைக்குள் போய் மாதக்கணக்கில் படுத்துவிடும். வெயில் வந்த பிறகுதான் வெளியே தலைகாட்டும். இன்னொரு வித்தையும் இதனிடம் இருக்கிறது. பல்லி இனம் என்றாலே வெயிலில் காய்ந்துதான் உடம்பை சூடாக்கும். ஆனால் டெகு இனப்பெருக்க காலத்தில், இரவில் கூட சுற்றுப்புறத்தை விட 10 டிகிரி செல்சியஸ் வரை தன் உடம்பை தானே சூடாக வைத்துக்கொள்கிறது. பிரேசில், கனடா விஞ்ஞானிகள் 2016-ம் ஆண்டு இதை கண்டுபிடித்தார்கள்.

புளோரிடாவில் பிடித்த டெகுக்களை வடக்கே அலபாமா மாநிலத்துக்கு கொண்டுபோய் வெட்டவெளி அடைப்பில் விட்டும் பார்த்தார்கள். அங்கே குளிர்காலத்தையும் டெகு தாக்குப்பிடித்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் டெகு வாழ முடியும் என்று 2018-ம் ஆண்டு ஆய்வும் சொல்கிறது. பக்கத்து மாநிலமான தெற்கு கரோலினாவில் 2020-ம் ஆண்டு முதல் டெகு சிக்கியது.

முட்டை திருடனுக்கு முட்டையே பொறி

திருடனை பிடிக்க வனவிலங்கு துறை கையில் எடுத்த ஆயுதமும் முட்டைதான். கூண்டுக்குள் கோழி முட்டையை வைத்து காத்திருக்கிறார்கள். வாசனைக்கு வந்து டெகு மாட்டிக்கொள்கிறது.

பரவிய பிறகு விரட்டுவது கஷ்டம். புளோரிடா அந்த பாடத்தை ஏற்கனவே படித்துவிட்டது. அதனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட ஜார்ஜியா துடிக்கிறது.

சட்டமும் இறுகியது. புளோரிடாவும், தெற்கு கரோலினாவும் 2021-ம் ஆண்டு தடை போட்டன. 2022 டிசம்பரில் ஜார்ஜியாவும் சேர்ந்து கொண்டது. இனி அங்கே புதிதாக டெகு வாங்கி வளர்க்க முடியாது. ஏற்கனவே வைத்திருந்தவர்கள் அடையாள சில்லு பொருத்தி பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவானது.

பழைய சொந்தம்

இதில் ஒரு வேடிக்கை. ஜார்ஜியாவுக்கு டெகு முற்றிலும் புதிதல்ல!

புளோரிடா எல்லையை ஒட்டிய ஜார்ஜியா களிமண் சுரங்கத்தில் 2000-களின் தொடக்கத்தில் ஒரு சின்ன முதுகெலும்பு கிடைத்தது. எந்த பிராணி என்று தெரியாமல் 20 ஆண்டு அருங்காட்சியக பெட்டியில் தூங்கியது. அது டெகு இனத்தின் எலும்பு என்று 2025-ம் ஆண்டு அறிவித்தார்கள். வயது சுமார் 1½ கோடி ஆண்டு. பூமி சூடாக இருந்த காலத்தில் வந்து, பிறகு குளிர் கூடியதும் அந்த இனம் அங்கே அழிந்துபோனதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அன்று வந்தது தானாக வந்தது. இன்று வந்திருப்பது மனிதன் காசு கொடுத்து வாங்கி, பராமரிக்க முடியாமல் கைவிட்டது.

டெகுவை பார்த்தால் உயிரோடு இருந்தாலும் செத்து கிடந்தாலும் போட்டோ எடுத்து, இடம், தேதியோடு தகவல் கொடுங்கள் என்று ஜார்ஜியா மக்களை வனவிலங்கு துறை கேட்டுக்கொண்டுள்ளது. கோழிக்கும் நாய்க்கும் வைத்த தீனியை வெளியே விட்டு வைக்காதீர்கள், வளர்க்க முடியாத பிராணியை காட்டில் விடாதீர்கள் என்பதும் அதன் எச்சரிக்கை.