முதுமையில் முதிரும் இசை

விளையாட்டு வீரர் ஒருவர் முப்பத்தைந்து வயதில் களத்தைவிட்டு விலகினால் எவரும் வியப்பதில்லை. அதே வயதுடைய கருநாடக இசைப் பாடகரையோ இசையுலகம் இன்னும் 'இளம் வித்துவான்' என்றே அழைக்கிறது. இசை, உடலால் நிகழ்த்தப்படும் கலை. மூச்சு, தொண்டை, விரல், செவி ஆகிய நான்கும் அதற்கு வேண்டும். நான்கும் வயதுக்குக் கட்டுப்பட்டவை. அவ்வாறிருக்க, எழுபது வயதில் ஒருவர் ஐம்பது வயதில் பாடியதைவிடச் சிறப்பாகப் பாட முடியுமா? அதுவரை செய்யாத புதியதொன்றைப் படைக்க முடியுமா? இவை இரண்டும் ஒரே வினாபோலத் தோன்றினாலும் வெவ்வேறானவை. முன்னது திறனைப் பற்றியது. பின்னது படைப்பாற்றலைப் பற்றியது.

உடல் இழப்பவை

முதுமை எதையும் பறிப்பதில்லை என்று ஆறுதல் கூறுவது உண்மையாகாது. குரல்வளையின் குருத்தெலும்புகள் நாளடைவில் இறுகுகின்றன. குரல்நாண்களின் தசை மெலிந்து, அவற்றின் ஈரப்பதமும் குறைகிறது. நுரையீரல் கொள்ளும் காற்று குறைவதால் நீண்ட தொடரை ஒரே மூச்சில் பாடி முடிப்பது கடினமாகிறது. பொதுவாகப் பெண்களின் குரல் சற்றுத் தாழ்கிறது. ஆண்களின் குரலோ சற்று மெலிந்து உயர்கிறது. மேல் சுரங்களில் நிற்கும்போது குரல் நடுங்குவதும் உண்டு.

கருவியிசைக் கலைஞருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. நாகசுரக் கலைஞருக்கு மூச்சு மட்டுமன்றிப் பல்லும் முதல். முன்பற்கள் விழுந்துவிட்டால் சீவாளியைக் கவ்வும் உதட்டின் பிடி தளர்ந்து, சுரத்தின் துல்லியம் குலைகிறது. மிருதங்கக் கலைஞரின் விரல் மூட்டுகளும் வயலின் கலைஞரின் தோளும் பல்லாண்டு உழைப்பின் விலையைக் கேட்கத் தொடங்குகின்றன.

செவியின் நிலை சற்று வேறானது. இளமையில் மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியைக் கேட்க வல்லது. வயது ஏற ஏற இந்த எல்லை மேலிருந்து கீழ்நோக்கிச் சுருங்குகிறது. பியானோவின் மிக உயர்ந்த சுரமே நொடிக்கு ஏறத்தாழ 4,200 அதிர்வுகளைத்தான் உடையது. பாடகரின் குரல் அதனினும் மிகத் தாழ்ந்த எல்லைக்குள் இயங்குகிறது. ஆகவே தொடக்கநிலை இழப்பு, சுரத்தைப் பற்றும் ஆற்றலை உடனே அழித்துவிடுவதில்லை. ஒலியின் பளபளப்புத்தான் முதலில் மங்குகிறது. ஆனால் இழப்பு கீழிறங்கினால், உடன் வாசிப்பவரின் நுட்பங்கள் கேளாமற்போகும். அது கச்சேரியைப் பாதிக்கும்.

பயிற்சியும் விரைவும்

விரல்களின் விரைவு வயதோடு குறைந்தே தீருமா என்பதைச் செருமானிய உளவியலறிஞர் இரால்ப் கிராம்பேயும் சுவீடனில் பிறந்த ஆண்டர்ஸ் எரிக்சனும் ஆராய்ந்தனர். 1996ஆம் ஆண்டில் வெளியான அவர்களின் ஆய்வில் இளையோரும் முதியோரும், தொழில்முறைப் பியானோக் கலைஞர்களும் பொழுதுபோக்காக வாசிப்போரும் பங்கேற்றனர். இசையோடு தொடர்பற்ற பொதுவான விரைவுச் சோதனைகளில் முதியோர் அனைவருமே பின்தங்கினர். தொழில்முறைக் கலைஞர்களுக்கும் அதில் சலுகை கிடைக்கவில்லை. ஆனால் விரல்களை ஒருங்கிணைத்து இயக்கும், வாசிப்போடு தொடர்புடைய பணிகளில் பொழுதுபோக்காக வாசிக்கும் முதியோர் பின்தங்க, தொழில்முறை முதியோர் தம் திறனைப் பெரிதும் காத்துக்கொண்டிருந்தனர். அண்மை ஆண்டுகளில் அவர்கள் எவ்வளவு பயிற்சி செய்தனர் என்பதே இந்த வேறுபாட்டிற்கு அடிப்படையாக அமைந்தது. இளமையில் செய்த பயிற்சி சேமிப்பாக நிற்பதில்லை. முதுமையிலும் அது தொடர வேண்டும். அதுவும் கைவந்த உருப்படிகளை மீண்டும் மீண்டும் வாசித்து மகிழும் பயிற்சியாக இருந்தால் போதாது. குறையைக் கண்டறிந்து, அந்த இடத்திலேயே நின்று திருத்தும் பயிற்சியாக அது இருத்தல் வேண்டும்.

பயிற்சியோடு உத்தியும் வேண்டும் என்பதற்குப் போலந்தில் பிறந்த பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் (1887–1982) சான்றாவார். முதுமையிலும் சிறப்பாக வாசிப்பது எவ்வாறு என வினவியபோது அவர் மூன்று வழிகளைக் குறிப்பிட்டதாக உளவியலறிஞர் பால் பால்டெஸ் எடுத்துக்காட்டுவார். ரூபின்ஸ்டைன் வாசிக்கும் உருப்படிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார். எஞ்சியவற்றை முன்னிலும் மிகுதியாகப் பயின்றார். மூன்றாவது வழி கேட்போரின் செவியைக் கொண்டே விரலின் குறையை ஈடுசெய்வது: விரைவான பகுதி வருவதற்குச் சற்று முன்னரே நடையை வேண்டுமென்றே தளர்த்துவார். தளர்ந்த நடையைக் கேட்ட செவிக்கு அடுத்து வருவது உள்ளதைவிட விரைவாகத் தோன்றும். இதை ஏமாற்று என்று எவரேனும் சொல்லக்கூடும். ஆனால் விரைவு என்பதே முன்பின் ஒப்பீட்டால் பிறக்கும் உணர்வு என்பதை எண்ணினால், இது இசையின் இலக்கணத்தை ஆழ்ந்து அறிந்தவரின் தெளிவென்றே தோன்றும். பார்வை மங்கிய பின்னரும் வாசித்த அவர், 1976இல் தம் 89ஆம் வயதில்தான் மேடையிலிருந்து விடைபெற்றார்.

இடறிய குரலும் எழுந்த இசையும்

தமிழகத்தில் இவ்வினாவிற்குரிய வலுவான விடையாக விளங்குபவர் செம்மங்குடி சீனிவாசர் (1908–2003). திருக்கோடிக்காவலில் பிறந்த அவருக்கு இயற்கை இனிய குரலை வழங்கவில்லை. எளிதில் வளைந்துகொடுக்காத, மூக்கொலி கலந்த குரல் அது. திருவிடைமருதூர் சகாராமராவ், உமையாள்புரம் சுவாமிநாதர், மகாராசபுரம் விசுவநாதர் முதலியோரிடம் பயின்ற அவர், அக்குரலோடு நாள்தோறும் போராடியே அதனைத் தம் வயப்படுத்தினார். 1947இல், 39ஆம் வயதிலேயே, சென்னை இசைக்கழகத்தின் 'சங்கீத கலாநிதி' விருதைப் பெற்றார். அதன்பின் அரை நூற்றாண்டு பாடினார். தொண்ணூறு வயதை நெருங்கியபோதும் மேடையேறினார்.

இங்கே எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இனிய குரலை மட்டுமே முதலாகக் கொண்ட பாடகருக்கு, அக்குரல் மங்கும்போது கைம்முதல் முழுவதும் கரைந்துவிடுகிறது. செம்மங்குடியாரோ தொடக்கம் முதலே குரலை நம்பிப் பாடியவர் அல்லர். எந்தச் சுரத்தை எவ்வளவு அசைப்பது, எங்கே நிறுத்துவது, எந்தப் பிடியைப் பாடினால் இராகத்தின் முகம் உடனே தெரியும் என்னும் அறிவையே முதலாக வைத்தவர். அந்த அறிவு தொண்டையில் இல்லை. ஆகவே தொண்டை தளர்ந்தபோது அது தளரவில்லை. அவருடைய பிற்காலப் பதிவுகளில் மூச்சு இடையிடையே முறிவது தெளிவாகவே கேட்கிறது. ஆயினும் ஒரு கமகத்தில் ஓர் இராகத்தைக் கண்முன் நிறுத்தும் சுருக்கமும் அங்கே கேட்கிறது. இளம் பாடகர் பத்து நிமிடம் விரித்துரைப்பதை அவர் நான்கைந்து பிடிகளில் சொல்லிவிடுகிறார்.

இத்தகைய மாற்றங்களுக்குக் கருநாடக இசையின் அமைப்பே இடம் தருகிறது. ஐரோப்பிய இசைநாடகப் பாடகர், இசையமைப்பாளர் எழுதிவைத்த உயரத்திலேயே பாடியாக வேண்டும். நம் பாடகரோ தம் ஆதார சுருதியைத் தாமே தேர்ந்துகொள்கிறார். குரல் தாழ்ந்தால் தம்புராவின் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ளலாம்; இராகமும் கீர்த்தனையும் மாறுவதில்லை. பிருகாக்கள் குறைந்தால் விளம்ப காலத்தில் நிரவலை விரிக்கலாம். மேல் பஞ்சமத்தைத் தொட இயலாதபோது பின்னால் அமர்ந்திருக்கும் மாணவர் பின்பாட்டாக அதனைத் தொடுவார். அந்த மாணவருக்கும் அதுவே உயர்ந்த பாடம். டி.கே. பட்டம்மாளின் குரல் இளமையிலேயே ஆழ்ந்து தாழ்ந்த இயல்புடையது. 80 வயதில் 'ஹே ராம்' திரைப்படத்திற்காக அவர் பாடிய பாடலில், அந்தத் தாழ்ந்த குரல் முதுமையைக் குறையாகக் காட்டாமல் பாடலின் பொருளுக்கு உரிய கனத்தைத் தருவதாக அமைந்தது.

இசையறிவு சொல்வளத்தைப் போன்றது. வயது ஏறும்போது ஒரு சொல்லை நினைவிலிருந்து எடுக்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம். ஆனால் அறிந்த சொற்களும், எச்சொல் எங்கே பொருந்தும் என்னும் நுண்ணறிவும் நெடுங்காலம் குறையாமல் நிற்கின்றன. ஓர் இராகத்தை ஐம்பது ஆண்டுகள் பாடியவர் அதில் எதைப் பாடவேண்டும் என்பதோடு எதைப் பாடாமல் விடவேண்டும் என்பதையும் அறிவார்.

படைப்பாற்றல் வற்றுவது ஏன்?

திறனைக் காத்தல் ஒன்று. புதிதாகப் படைத்தல் மற்றொன்று. இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி தம் கடைசி இசைநாடகமான 'வில்லியம் டெல்'லை 1829இல் அரங்கேற்றியபோது அவருக்கு வயது 37. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அவர் வேறொரு இசைநாடகம் எழுதவில்லை. பின்லாந்தின் சிபேலியஸ் 1926க்குப் பின் பெரிய படைப்பு எதனையும் வெளியிடவில்லை. எழுதிவந்த எட்டாம் சிம்பொனியைத் தாமே எரித்துவிட்டு, 1957 வரை மௌனமாக வாழ்ந்தார். இவர்களை நிறுத்தியது முதுமை அன்று. புகழின் சுமை, உடல்நலக் குறைவு, தம்மைத் தாமே விஞ்ச முடியாதோ என்னும் அச்சம் எனப் பல காரணங்களை அறிஞர் கூறுவர். ரோசினி தம் இறுதிப் பத்தாண்டுகளில் மீண்டும் எழுதத் தொடங்கி, 'முதுமையின் பாவங்கள்' என்று நகைச்சுவையாகப் பெயரிட்டுச் சிறு படைப்புகள் பலவற்றை இயற்றினார் என்பது இதற்கு அரண் செய்கிறது.

இதற்கு மறுகோடியில் நிற்பவர் அதே நாட்டின் வெர்டி (1813–1901). 1871இல் 'ஐடா' அரங்கேறியபின் அவர் இசைநாடகத்தை விட்டுவிட்டார் என்றே பலரும் கருதினர். கவிஞர் பொய்டோவின் தூண்டுதலால் மீண்டும் எழுதினார். 1887இல் 73 வயதில் 'ஒத்தெல்லோ' வெளிவந்தது. அத்துடன் நிறுத்தியிருந்தால் எவரும் குறைகூறியிருக்கமாட்டார்கள். ஆனால் அவருக்குள் ஒரு பழைய தோல்வி இருந்தது. 1840இல், இளைஞராக இருந்தபோது அவர் எழுதிய நகைச்சுவை இசைநாடகம் மிலான் நகர அரங்கில் படுதோல்வி கண்டிருந்தது. அதன்பின் அரை நூற்றாண்டாகத் துன்பியல் நாடகங்களாலேயே புகழ்பெற்ற அவர், 1893இல், 79ஆம் வயதில், அதே அரங்கில் 'பால்ஸ்டாப்' என்னும் நகைச்சுவைப் படைப்பை அரங்கேற்றினார். தமக்குப் புகழ் தேடித்தந்த நீண்ட தனிப்பாடல்களையும் கைதட்டலுக்கான இடைவெளிகளையும் அதில் அவர் பெரிதும் தவிர்த்தார். மெட்டுகள் மின்னி மறைய, இசை இடையறாது ஓடுகிறது. தம்மையே படியெடுக்க மறுத்த முதியவரின் படைப்பு அது.

'படியெடுத்தல்' என்பதே படைப்பாற்றலின் பகை. ஒருமுறை பாராட்டுப் பெற்ற ஆலாபனையை அடுத்த கச்சேரியிலும் அதற்கடுத்த கச்சேரியிலும் அப்படியே பாடும் கலைஞர் நாற்பது வயதிலேயே முதியவராகிவிடுகிறார். வாழ்நாளெல்லாம் மேடை வயலினோடு வாழ்ந்த லால்குடி ஜெயராமன், எழுபது வயதைக் கடந்தபின் 'சிருங்காரம்' என்னும் திரைப்படத்திற்கு இசையமைத்துத் தேசிய விருது பெற்றார். ஆயிரத்திற்கு மேற்பட்ட திரைப்படங்களுக்கு இசையமைத்த இளையராஜா, தம் 81ஆம் வயதில், 2025 மார்ச்சு 8 அன்று இலண்டனில் 'வேலியண்ட்' என்னும் முழுமையான மேலைச் சிம்பொனியை அரங்கேற்றினார். இருவரும் கைவந்த களத்திலிருந்து வெளியேறிப் புதிய களத்தில் நின்றவர்கள்.

கேட்போரின் பங்கு

முதிய கலைஞரின் வளர்ச்சி அவர் கையில் மட்டும் இல்லை. முதியவரின் கச்சேரிக்குச் செல்லும் இரசிகர் சில வேளைகளில் அன்று பாடப்படும் இசையைக் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட இசையின் நினைவுக்கே கைதட்டுகிறார். எதைப் பாடினாலும் கிடைக்கும் கைதட்டல் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அடைத்துவிடுகிறது. மறுபுறம், பெயர்பெறாத முதிய கலைஞர்க்கு மேடையே கிடைப்பதில்லை. மேடை இல்லையேல் நாள்தோறும் பயிலும் தூண்டுதல் இல்லை. பயிற்சி நின்றால், மேலே கண்ட ஆய்வு காட்டியவாறு, திறனும் விரைந்து குறைகிறது. கோயில் விழாக்களில் வாய்ப்பிழந்த நாகசுரக் கலைஞர் பலரை முதுமை வெல்லுமுன்பே வேலையின்மை வென்றுவிடுகிறது.

வெர்டி இதனை உணர்ந்திருந்தார். 'பால்ஸ்டாப்' அரங்கேறிய பின்னர், வறுமையுற்ற முதிய இசைக்கலைஞர்களுக்காக மிலான் நகரில் தம் செலவில் ஓர் இல்லம் கட்டினார். தமக்கு எவரும் நன்றி கூறுவதை விரும்பாத அவர், தம் மறைவுக்குப் பிறகே அதனைத் திறக்கவேண்டும் எனப் பணித்தார். 1902இல் திறக்கப்பட்ட அவ்வில்லம் இன்றும் இயங்குகிறது. ஓய்வுபெற்ற பாடகர்களும் கருவியிசைக் கலைஞர்களும் அங்கே வாழ்கின்றனர். இளம் இசை மாணவர் சிலரும் அதே கூரையின்கீழ்த் தங்கி, அம்முதியவர்களின் அருகிலிருந்து பயில்கின்றனர்.