உணவிலும் உடற்பயிற்சியிலும் தன்னறிதல்

தன்னறிதல் என்பது ஒருவர் தம் செயல்கள், உணர்வுகள், பழக்கங்கள் ஆகியவற்றைத் தாமே கவனித்து, உள்ளதை உள்ளபடி அறிந்துகொள்வதாகும். எதை உண்கிறோம், எவ்வளவு உண்கிறோம், ஏன் உண்கிறோம், நாள்தோறும் எவ்வளவு நேரம் உடலுக்கு வேலை கொடுக்கிறோம் என்பவற்றை அறிவதும் இதில் அடங்கும். உணவுப் பழக்கத்தை மாற்ற விரும்புவோருக்கு இதுவே முதற்படி.

நினைப்பும் நடப்பும்

"நான் கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை குறையவில்லை" என்று பலர் கூறுவதுண்டு. இப்படிக் கூறிய சிலரை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1992ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் உண்மையில் உண்ட அளவை விட, உண்டதாகத் தெரிவித்த அளவு சராசரியாக 47 விழுக்காடு குறைவாக இருந்தது. உடலுழைப்பையோ உள்ளதை விட 51 விழுக்காடு கூடுதலாகத் தெரிவித்திருந்தனர். அவர்களுடைய உடல் ஆற்றலைச் செலவிடும் அளவில் குறையேதும் காணப்படவில்லை. ஆய்வில் பங்கேற்றோர் மிகச் சிலரே. எனினும் நினைவை மட்டும் நம்பினால் கணக்கு எவ்வளவு தவறலாம் என்பதை இது காட்டுகிறது.

கணக்கில் வராதவை

மூன்று வேளை உணவு நினைவில் நிற்கும். இடையில் கொறிக்கும் முறுக்கும், குழந்தை தட்டில் மீதம் வைத்ததும், தேநீரில் கலந்த சர்க்கரையும் நினைவில் நிற்பதில்லை. ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட தேநீரை நாளுக்கு நான்கு முறை அருந்துபவர், அதன் வழியாக மட்டும் 32 கிராம் சர்க்கரை உட்கொள்கிறார். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் இத்தகைய சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பதும், 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நல்லது என்பதும் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

பசியை அறிதல்

வயிற்றுப் பசி மெல்ல மெல்லக் கூடும்; எந்த உணவும் அதைத் தணிக்கும். சலிப்பு, கவலை, கோபம் ஆகியவற்றால் எழும் ஆசை பெரும்பாலும் திடீரென வரும். குறிப்பிட்ட பண்டத்தையே தேடும். முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின் உண்ணும்படி திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' அறிவுறுத்துகிறது. வயிறு நிறைந்த உணர்வு தோன்றச் சற்று நேரமாகும் என்பதால், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு விரைவாக உண்பவருக்கு அளவு தெரிவதில்லை.

ஒரு வாரக் குறிப்பேடு

தன்னறிதலுக்கு எளிய கருவி ஒரு நோட்டுப் புத்தகம். முதல் வாரம் எதையும் மாற்றாமல் பின்வருவனவற்றை அவ்வப்போதே எழுதலாம்:

1. உண்ட நேரம், உணவு, அளவு
2. அப்போது பசி இருந்ததா?
3. அப்போதிருந்த மனநிலை
4. நடந்த நேரம், தொடர்ந்து உட்கார்ந்திருந்த நேரம்

அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. அதில் நாள்தோறும் உணவுக் குறிப்பு எழுதியோர், எழுதாதோரைப் போல் இரு மடங்கு எடை குறைத்திருந்தனர்.

வார இறுதியில் குறிப்பைப் படித்து, ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாலைத் தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைப்பதும், இரவு உணவுக்கு முன் 15 நிமிடம் நடப்பதும் நல்ல தொடக்கங்கள். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பும், 5 முதல் 17 வயதினருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமும் தேவை. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு.

கவனிக்க வேண்டியவை

குறிப்பேடு குற்றப்பட்டியல் அன்று. எழுதியதைக் கண்டு வெட்கப்படுபவர் மறுநாள் எழுதாமல் விட்டுவிடுவார். வளரும் பிள்ளைகள் எடைக்கு அஞ்சி உணவைத் தவிர்க்கக் கூடாது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டும். உணவைப் பற்றிய எண்ணமே ஒருவரை ஓயாமல் வாட்டினால், குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுவதே முறை.