மேற்குச் சுவருக்கு ஏன் மரம்?

கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோ நகரில் மின்சாரம் வழங்கும் நிறுவனமே 1990 முதல் வீட்டுக்காரர்களுக்கு இலவசமாக நிழல்மரக் கன்றுகள் தருகிறது. எந்தப் பக்கம் நடுவது என்பதில்தான் சூட்சுமம்.

கோடை நண்பகலில் சூரியன் உயரத்தில் இருப்பதால் கூரைதான் அதிகம் சுடுகிறது. பிற்பகலில் அது தாழ்ந்து, மேற்குச் சுவரிலும் ஜன்னலிலும் ஏறக்குறைய நேராக அறைகிறது. ஜன்னலுக்கு மேல் கட்டிய சன்ஷேடு இந்தச் சாய்வெயிலை அதிகம் தடுக்காது. மேற்கே நிற்கும் மரத்தின் அடர்ந்த கிளைகள் தடுக்கும்.

சேக்ரமெண்டோவில் 460 வீடுகளை ஆராய்ந்தபோது, மேற்கிலும் தெற்கிலும் நின்ற மரங்கள் கோடைக்கால மின்செலவைக் குறைத்திருந்தன. வடக்கில் நின்றவை குறைக்கவில்லை.

குளிர்நாடுகளுக்கு இலையுதிர் மரமே அருமையான தேர்வு. குளிர்காலத்தில் இலை கொட்டி வெயிலை உள்ளே விடும். வெறுங்கிளைகளும் கொஞ்சம் மறைக்கும் என்பதால் தெற்குச் சுவரை மிக நெருங்கி நடக்கூடாது.

கன்று வாங்குமுன், மாலை நான்கு மணி வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.