விடை தப்பினாலும் வழிக்கு மதிப்பெண் உண்டு

ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே பிளஸ் டூ முடிவு வந்துவிடுகிறது. 2024இல் மே 6, 2025இல் மே 8. சீசன் கடை போடுகிறவர்களும் பழக்கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் ஜூன் மாதச் சாரலை நம்பிக் கடன் வாங்கி, இடம் பிடித்து, சரக்கு எடுக்கும் நேரம் அது. விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்க அரசுத் தேர்வுகள் இயக்ககம் கொடுக்கும் சொற்ப நாள்களும் அந்த அலைச்சலுக்குள்தான் வந்து போகின்றன. பிள்ளைக்கு மார்க் குறைந்திருக்கிறதே என்று வீட்டில் பேசி முடிப்பதற்குள் கடைசித் தேதி தாண்டிவிடும். குற்றாலம், இலஞ்சி, மேலகரம், தென்காசி என்று இந்தச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் கொடுத்திருக்கும் ஓர் உரிமை, தெரியாத ஒரே காரணத்தால் இவர்கள் கையிலிருந்து நழுவிப் போகக் கூடாது.

கணக்கின் கடைசி விடை தப்பாகிவிட்டால் அந்தக் கணக்கே போயிற்று என்று நம் பிள்ளைகளில் பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. பிளஸ் டூ கணிதத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20 போக, மீதி 70 மதிப்பெண்ணும் படிப்படியாக விடை எழுத வேண்டிய வினாக்களுக்கு உரியவை. இயற்பியலில் 70க்கு 55 அப்படி. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 100க்கு 86. இந்த வினாக்களுக்கெல்லாம் எந்தப் படிக்கு எவ்வளவு என்று விடைக்குறிப்பில் பிரித்து எழுதியிருப்பார்கள். ஆசிரியர்கள் அதைத்தான் ஸ்டெப் மார்க் என்கிறார்கள்.

ஓர் இயற்பியல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் மின்கலம், அதன் அகமின்தடை 1 ஓம், வெளியே இணைத்திருக்கும் மின்தடை 5 ஓம். வெளிமின்தடையில் செலவாகும் திறன் எவ்வளவு? மொத்த மின்தடை 6 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர், மின்னோட்டத்தின் வர்க்கத்தை 5ஆல் பெருக்கினால் 20 வாட். ஒரு மாணவி சூத்திரத்தைச் சரியாக எழுதி, எண்களையும் சரியாகப் போட்டு, 12ஐ 6ஆல் வகுக்கும் இடத்தில் மட்டும் பதற்றத்தில் 3 என்று எழுதிவிடுகிறாள். அதற்குப் பிறகு திறனுக்கான சூத்திரமும் சரி, 9ஐ 5ஆல் பெருக்கியதும் சரி. விடை மட்டும் 45 வாட் என்று வந்து நிற்கிறது.

அவளுக்குப் பாடம் தெரியும். அகமின்தடையைச் சேர்த்துக் கூட்ட வேண்டும் என்று தெரியும், திறனுக்கான சூத்திரம் தெரியும். பிசகியது ஒரே ஒரு வகுத்தல். சூத்திரத்துக்கும் எண்களைப் பொருத்தியதற்கும் உரிய மதிப்பெண் அவளுடையது. தப்பான மின்னோட்டத்துக்கும் கடைசி விடைக்கும் உரியதை அவள் இழப்பாள். நடுவில் ஒரு கேள்வி எஞ்சுகிறது: தப்பான 3ஐ வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு முறையாகச் செய்த வேலைக்கு என்ன கொடுப்பது? கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டுத் தேர்வு வாரியங்கள் இதைத் தங்கள் மதிப்பீட்டுக் குறிப்பிலேயே தெளிவாக எழுதிவிடுகின்றன. முறைக்கு ஒரு மதிப்பெண், துல்லியத்துக்குத் தனி மதிப்பெண், முந்தைய பிழையைத் தொடர்ந்து சரியாகச் செய்ததற்கு எந்தெந்தப் படியில் தரலாம் என்பதற்கு ஒரு குறியீடு. ஒரே பிழைக்கு இரண்டு முறை தண்டனை கூடாது என்பதுதான் அதன் பின்னால் உள்ள நியாயம். நம் விடைக்குறிப்புகளும் எல்லாக் கணக்குக்கும் இதை அப்படி வெளிப்படையாகச் சொன்னால் நல்லது. இல்லையென்றால் திருத்துகிறவரைப் பொறுத்து ஒரு மதிப்பெண் கூடும், குறையும்.

அதற்காக நம் விடைக்குறிப்புகள் கல் நெஞ்சத்தோடு எழுதப்பட்டவை என்று எண்ண வேண்டாம். பிளஸ் டூ கணித விடைக்குறிப்பின் முகப்பில் திருத்துநர்களுக்கு எழுதப்படும் பொதுக் குறிப்புகளைப் பெற்றோரும் ஒருமுறை படிக்க வேண்டும். குறிப்பில் உள்ள முறையை விட்டு வேறு முறையில் சரியாகச் செய்திருந்தாலும் முழு மதிப்பெண் தர வேண்டும் என்கிறது அது. விடை முழுக்கச் சரியென்றால் படிகளைத் தேடாமல் முழு மதிப்பெண் போடச் சொல்கிறது. ஒரு படி தப்பி, ஆனால் உரிய சூத்திரம் எழுதப்பட்டிருந்தால் சூத்திரத்துக்கென்று ஒரு மதிப்பெண் கொடுக்கச் சொல்கிறது. இயற்பியல் குறிப்போ, சூத்திரம் எழுதாவிட்டாலும் மீதிப் படிகள் சரியென்றால் அவற்றுக்கு உரியதைக் கொடுக்கச் சொல்கிறது. கருத்து மாறாமல் சொந்த நடையில் எழுதுவதையும் அது ஏற்கிறது.

இரக்கமே இல்லாத இடமும் ஒன்று உண்டு. ஒரு மதிப்பெண் வினாவில் விருப்பக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். குறியீடு சரியாக இருந்து விடை தப்பினாலோ, விடை சரியாக இருந்து குறியீடு தப்பினாலோ, பூஜ்யம்தான்.

ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் தேர்ச்சி விதியைப் பார்க்க வேண்டும். செய்முறை உள்ள பாடத்தில் மொத்தம் 35 வாங்கினால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் 70க்கு 15 கட்டாயம். செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 என்று முழுசாக வாங்கிய பிள்ளையும் எழுத்தில் 14 என்றால் தேர்ச்சி இல்லை. விடுபட்ட ஒரே ஒரு ஸ்டெப் மார்க் அங்கே ஒரு வருடத்தைத் தீர்மானித்துவிடும். கல்லூரிச் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கதையும் இதேதான்.

மதிப்பெண் எங்கே தவறுகிறது? திருத்தும் முகாமில் உதவித் தேர்வாளர் திருத்துகிறார், முதன்மைத் தேர்வாளர் மேற்பார்க்கிறார், கூர்ந்தாய்வு அலுவலர் கூட்டலைச் சரிபார்க்கிறார். இத்தனை கண்கள் பார்த்தும் உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புப் பக்கத்துக்கு வராமல் போவதுண்டு, ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்கள் திருத்தப்படாமலே போவதுண்டு. இவற்றுக்கான பரிகாரம் மறுகூட்டல். மறுகூட்டலில் யாரும் உங்கள் பிள்ளையின் கணக்கை மறுபடி படிப்பதில்லை. ஸ்டெப் மார்க் விடுபட்டிருந்தால் அதற்குப் பரிகாரம் மறுமதிப்பீடு மட்டுமே. இந்த வித்தியாசம் தெரியாமல், கட்டணம் குறைவு என்று மறுகூட்டலுக்குப் பணம் கட்டிவிட்டு, மாற்றம் இல்லை என்ற பதிலோடு ஓய்ந்துபோகிற குடும்பங்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

முதலில் வாங்க வேண்டியது விடைத்தாள் நகல். சமீப ஆண்டுகளில் பிளஸ் டூவுக்கு ஒரு பாடத்தின் நகலுக்கு 275 ரூபாய், மறுகூட்டலுக்கு 205 ரூபாய், உயிரியலுக்கு மட்டும் 305, மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய் என்று கட்டணம் இருந்து வந்திருக்கிறது. நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். அதனால் நகலுக்கான தேதியை விட்டவர்களுக்கு அடுத்த கதவும் அடைத்துவிடும். நகல் கிடைத்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் எடுத்துப் போங்கள். விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அவர் பார்த்துச் சொல்லட்டும். அவர் கூடும் என்று சொன்னால் மறுமதிப்பீடு கேளுங்கள். மதிப்பெண் குறைந்தாலும் புதிய மதிப்பெண்ணே நிற்குமா என்ற நிபந்தனையை அந்த ஆண்டின் அறிவிப்பில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தேர்ச்சி பெறாதவர்கள் இந்த முடிவுக்குக் காத்திருக்காமல் துணைத் தேர்வுக்கும் விண்ணப்பித்துவிடுவது பாதுகாப்பு.

தன் விடைத்தாளைத் தானே பார்ப்பது சலுகையல்ல, உரிமை. 2011 ஆகஸ்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய என்ற மாணவருக்கும் இடையிலான வழக்கில், திருத்தப்பட்ட விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு தகவலே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தியவர் பெயரை மட்டும் கேட்டுப் பெற முடியாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இந்தத் தீர்ப்பு துணை நிற்கும். 10 ரூபாய் கட்டணத்தோடு மனு, 30 நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். விடைத்தாளை அழிப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

எதற்கும் கோர்ட்டுக்குப் போவோம் என்பவர்களுக்குச் சில எல்லைகளைச் சொல்லியாக வேண்டும். நுகர்வோர் மன்றம் இதற்கு உதவாது. தேர்வு வாரியம் சேவை விற்கும் நிறுவனம் அல்ல, தேர்வெழுதுபவர் நுகர்வோரும் அல்ல என்று பீகார் வாரிய வழக்கில் 2009லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தென்காசி மாவட்டத்துக்காரர்கள் போக வேண்டியது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு. ஆனால் விதியில் மறுமதிப்பீட்டுக்கு இடமில்லாத தேர்வில், தவறு பளிச்சென்று தெரிந்தால் ஒழிய நீதிமன்றங்கள் தலையிடக் கூடாது என்று ரண் விஜய் சிங் வழக்கில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்திருக்கிறது. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வந்த வழக்கில், தமிழில் எழுதியவர்களுக்கு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தர இதே மதுரைக் கிளை ஜூலையில் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளைகள் மேல் பிழையில்லாத இடத்திலும் பரிகாரம் கைக்கு எட்டாமல் போனதைத் தமிழகம் பார்த்தது. வழக்குத்தான் வழி என்றால் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணையம் வழியே இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

மார்க் ஏற்றித் தருகிறேன் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2017இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்த மறுமதிப்பீடு அது. நேர்மையாக விண்ணப்பித்த பிள்ளைகள் மேலும் அந்தச் சந்தேகம் படிந்தது. முடிவு வந்த இரவில் பிள்ளை பேச்சில்லாமல் ஒடுங்கிக் கிடந்தால் மனம்விட்டுப் பேசி ஆலோசனை பெற 14417, 14416 ஆகிய எண்கள் இருக்கின்றன. நகலும் மறுமதிப்பீடும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து எழுதப் போகிறவர்களுக்கு: சூத்திரத்தைத் தனி வரியில் எழுதுங்கள். அலகை விடாதீர்கள். வடிவியலில் உதவிப் படத்தை வரையாமல் தாண்டாதீர்கள். வினாவே தப்பென்று தோன்றினாலும் வினா எண்ணைப் போட்டு முயன்று வையுங்கள். பின்னால் அதற்கு மதிப்பெண் அறிவித்தால், முயன்றவர்களுக்கு என்றுதான் பெரும்பாலும் அறிவிப்பார்கள். பாதியில் நின்ற கணக்கைக் கோபத்தில் அடித்துவிட வேண்டாம், அடித்த பகுதியைத் திருத்த மாட்டார்கள், அதிலிருந்த ஸ்டெப் மார்க்கும் அதோடு போய்விடும். எழுதிய எல்லா விடைகளையும் தானே கோடிட்டு அடிப்பதை இயக்ககம் ஒழுங்கீனச் செயலாகவே கருதுகிறது. அப்படிச் செய்தால் முடிவு நிறுத்திவைக்கப்படும், அடுத்த இரண்டு பருவத் தேர்வுகளும் எழுத முடியாது.