பெரோனி நோய்: மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள், அறுவைக்குப் பொறுத்திருங்கள்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு விறைப்பின்போது ஆணுறுப்பில் வலி எடுக்கிறது. சில வாரங்களில் உறுப்பு ஒரு பக்கமாக வளையத் தொடங்குகிறது. தடவிப் பார்த்தால் தோலுக்கு அடியில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது. மனைவியிடம் சொல்லக் கூச்சம், மருத்துவரிடம் போக அதைவிடக் கூச்சம். புற்றுநோயாக இருக்குமோ, இளமையில் செய்த ஏதோ ஒன்றின் பலனோ என்று உள்ளுக்குள் புழுங்கியே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இந்தக் கோளாறுக்குப் பெரோனி நோய் என்று பெயர். இது புற்றுநோய் அல்ல, பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. சுயஇன்பத்துக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்து மருகவும் வேண்டாம். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், நூறு ஆண்களில் 3 முதல் 9 பேருக்கு இது இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் பிரான்சுவா ஜிகோ டி லா பெரோனி 1743-இல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆணுறுப்புக்குள் பஞ்சு போன்ற திசுவால் ஆன இரண்டு நீண்ட அறைகள் இருக்கின்றன. ரத்தம் அவற்றில் நிரம்பும்போதுதான் விறைப்பு வருகிறது. அந்த அறைகளைச் சுற்றி உறுதியான, அதே சமயம் விரிந்து கொடுக்கும் உறை ஒன்று உண்டு. உடலுறவின்போது உறுப்பு மடங்கினால் இந்த உறையில் நுண்ணிய காயங்கள் ஏற்படலாம். பெரும்பாலும் அது நடந்ததே நமக்குத் தெரியாது.

பலருக்கு அந்தக் காயம் சுவடில்லாமல் ஆறிவிடும். சிலருக்கு மட்டும் ஆறும் வேலை அளவு மீறிப்போய், கொலாஜன் என்ற நார்ப்புரதம் குவிந்து தழும்பாக இறுகிவிடுகிறது. சிலரிடம் அதில் கால்சியமும் படியும். பஞ்சர் ஒட்டிய சைக்கிள் டியூபில் காற்றடித்தால் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் விரியாமல் டியூப் கோணிக்கொள்ளும் அல்லவா? இங்கேயும் அதேதான். தழும்பு இருக்கும் பக்கமாக உறுப்பு வளைகிறது. சிலருக்கு நீளம் குறையும், சிலருக்கு நடுவில் இடுப்புப் போல ஒடுங்கும், விறைப்பும் தளரலாம்.

சர்க்கரை நோய், புகைப்பழக்கம், புராஸ்டேட் அறுவை, பரம்பரை ஆகியவை இதனுடன் தொடர்புடையவை. கைவிரல்கள் உள்ளங்கை நோக்கி மடங்கி நிமிராமல் போகும் டுப்யூட்ரன் பாதிப்பு உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இரண்டு கட்டங்கள்

முதல் கட்டத்தில் வலி இருக்கும், வளைவு மாறிக்கொண்டே வரும். பொதுவாக இது 6 முதல் 18 மாதம் நீடிக்கும். அடுத்த கட்டத்தில் வலி அடங்கி, வளைவு ஒரே அளவில் நின்றுவிடும்.

‘தானாகச் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை வலியைப் பொறுத்தவரை பெரும்பாலும் பலிக்கும். வளைவு அப்படியல்ல. சிகிச்சை எடுக்காத ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 12 சதவீதத்தினருக்கே வளைவு குறைந்தது. 40 சதவீதத்தினருக்கு அப்படியே இருந்தது, 48 சதவீதத்தினருக்கு மோசமானது. அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

பார்க்க வேண்டியவர் சிறுநீரியல் மருத்துவர், அதாவது யூராலஜிஸ்ட். தொட்டுப் பார்த்தே தழும்பைக் கண்டுபிடித்துவிடுவார். ஊசி மூலம் விறைப்பு வரவைத்துக் கோணத்தை அளப்பதும், டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதும் தேவைப்படலாம். விறைப்பின்போது பக்கவாட்டிலும் மேலிருந்தும் எடுத்த கைபேசிப் படங்கள் அவருக்கு உதவும்.

சிகிச்சையில் எது பலன் தரும்?

வளைவு சிறியது, உடலுறவுக்குத் தடையில்லை என்றால் சிகிச்சையே வேண்டாம், கண்காணிப்பு போதும்.

முதல் கட்டத்தில் வலிக்கு வலிநிவாரணி மாத்திரை தருவார்கள். உறுப்பை மெல்ல இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் கருவியை மாதக்கணக்கில் தினமும் அணிந்தால் சிலருக்கு வளைவு குறைகிறது. வைட்டமின் ஈ, டமாக்சிபென் மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2015 வழிகாட்டி சொல்கிறது. அதிர்வலை சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நிமிர்த்தாது.

தழும்புக்குள் நேரடியாகப் போடும் ஊசிகளும் உண்டு. கொலாஜனைக் கரைக்கும் கொலாஜனேஸ் ஊசிக்கு அமெரிக்கா 2013-இல் அனுமதி கொடுத்தது. 30 பாகைக்கு மேல் வளைவு உள்ளவர்களுக்கானது அது. பெரிய ஆய்வுகளில் வளைவு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 18 சதவீதம். அதாவது மருந்து ஊசியில் 60 பாகை வளைவு ஏறத்தாழ 40-க்கு இறங்கும். அரிதாக உறையே கிழியும் அபாயம் இருப்பதால், பயிற்சி பெற்றவர்தான் போட வேண்டும். இன்டர்பெரான், வெராபமில் ஊசிகளையும் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அறுவை எப்போது?

வளைவு சில மாதங்களாவது மாறாமல் நின்று, உடலுறவுக்கும் தடையாக இருந்தால்தான் அறுவை. நோய் நகர்ந்துகொண்டிருக்கும்போது அறுவை செய்தால், நிமிர்த்திய உறுப்பு மறுபடி வளையக்கூடும்.

விறைப்பு நன்றாக இருப்பவருக்கு, தழும்புக்கு எதிர்ப்பக்கத்து உறையை மடித்துத் தைப்பார்கள். எளிய முறை, நன்றாக நிமிரும், ஆனால் நீளம் சற்றுக் குறையும். வளைவு மிக அதிகமென்றால் தழும்பைக் கீறி வேறு திசுவை ஒட்டுவார்கள். நீளம் காப்பாற்றப்படும், ஆனால் விறைப்புத் தளர்ச்சியோ மரத்துப்போதலோ வரும் அபாயம் கூடுதல். மாத்திரைக்கும் அசையாத விறைப்புக் குறைபாடு சேர்ந்திருந்தால், உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவி இரண்டையும் சரிசெய்யும். எந்த முறையும் உறுப்பைப் பழையபடி அச்சுப் பிசகாமல் மாற்றித் தராது. இயல்பான தாம்பத்தியம் திரும்புவதே இலக்கு.

மனதையும் கவனியுங்கள்

இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் மனச்சோர்வு இருப்பதை ஓர் ஆய்வு கண்டது. கணவர் விலகிப் படுப்பதை வெறுப்பு என்று மனைவி நினைக்க, இருவரும் தனித்தனியே துன்பப்படுகிறார்கள். மருத்துவரிடம் சேர்ந்தே போங்கள். தேவைப்பட்டால் மனநல ஆலோசனையையும் தயங்காமல் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாள் கணக்கே கூடாது. உடலுறவின்போது ‘படக்’ என்று சத்தம் கேட்டு, விறைப்பு சட்டென்று அடங்கி, உறுப்பு கருநீலமாக வீங்கினால் அது உறை கிழிந்ததன் அறிகுறி. அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மற்றபடி, லாட்ஜில் அறை எடுத்து ‘ஆண்மைக் கோளாறு’க்கு மருந்து விற்பவர்களிடம் பணத்தையும் காலத்தையும் இழக்காதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்றவற்றில் சிறுநீரியல் துறை இருக்கிறது. மருத்துவரிடம் இரண்டு வாக்கியம் போதும்: “விறைப்பின்போது வளைகிறது. இத்தனை மாதமாக இருக்கிறது.” மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.